உழைக்கும் பெண்ணின் ஒரு நாள்: போச்சம்பள்ளியிலிருந்து சில குறிப்புகள்

போச்சம்பள்ளி என்றவுடன் வாசகர்களுள் பலருக்குப் பட்டுச்சேலை நினைவுக்கு வரக்கூடும். அது தெலங்கானாவிலுள்ள போச்சம்பள்ளி. நாம் பேசவிருப்பது கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே, மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் பெயர்பெற்ற போச்சம்பள்ளியைப் பற்றி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தேநீர்க்கடையில் கலந்து ஒலிக்கும் மாவட்டம் இது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை இங்குள்ள பெண்களுக்குக் கூலிவேலை என்றால் களையெடுப்பும், நிலக்கடலை பறிப்பும், மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளில் சில வார வேலையும்தான். இன்று சிப்காட் வளாகங்களை நோக்கி விடியுமுன்னே பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் இளம்பெண்களே அமர்ந்திருக்கிறார்கள்.

2021 செப்டம்பரில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் தனது போச்சம்பள்ளி ஸ்கூட்டர் தொழிற்சாலை முழுவதும் பெண்களாலேயே இயங்கும் என்றும், முழு அளவை எட்டும்போது 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரிவர் என்றும் அறிவித்தபோது உலகச் செய்தித்தாள்களில் இவ்வூரின் பெயர் இடம்பெற்றது. அறிவிப்பு ஒருபுறம் இருக்க, ஓசூர்ப் பகுதியின் மின்னணு ஆலைகள், பர்கூர்ப் பகுதியின் காலணி ஆலை என்று இவ்வட்டாரமே பெண்களின் கைகளை நாடத் தொடங்கிவிட்டது என்பது கண்கூடு. ஓசூருக்கு ஜார்க்கண்டிலிருந்துகூடப் பழங்குடிப் பெண்கள் அழைத்துவரப்பட்டனர். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றனர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் இம்மாற்றத்தின் பருமன் விளங்கும்.

இதைப் பற்றி எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆ தொழுகைக்குப் பின் ஒருவர் நம்மை அணுகினார். உருது பேசும் குடும்பம். சந்தையில் பாத்திர வியாபாரம். “ஹஸ்ரத், மகளுக்கு கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். அனுப்பலாமா? மார்க்கத்துல கூடுமா?” என்று கேட்டார். நாமும் முப்பதாண்டுக் காலப் பழக்கத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல விடை சொன்னோம். பாதுகாப்பு, ஆடை ஒழுக்கம், துணை, பயணம் என்று நிபந்தனைகளை அடுக்கினோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் மகளையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். நம் இல்லத்தாரின் அருகில் அமர்ந்து, தயக்கத்தோடு அவள் கேட்டது இது: “ஹஸ்ரத், நீங்க வழியில என்ன ஆகும்னு சொன்னீங்க. உள்ள எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கணும். மயக்கம் வருது. அதுக்கு என்ன செய்றது?”

அவளுக்கு ஏற்கெனவே மயக்கம் வரும் என்று தாயார் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினார். ஹீமோகுளோபின் 9.6 என்றிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி கருவுறாத பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது; ஆணுக்கு 13. நம் கேள்வி பதிலில் இந்த எண்ணுக்கு இடமே இருந்ததில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இரத்தசோகை இந்நாட்டில் பெண்ணின் நோய் என்று சொல்லிவிடலாம். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. மருத்துவமனைகளுக்கும் சத்துணவுக்கும் பெயர்பெற்ற தமிழ்நாட்டிலும் பெண்களில் 53 விழுக்காட்டைத் தாண்டியது. இதை இயற்கையின் மீது மட்டும் சுமத்திவிட்டுத் தப்பிக்க முடியாது. மாதவிலக்கில் சராசரியாக 30 முதல் 40 மில்லி இரத்தம் வெளியேறுகிறது. ஒரு மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே மாதந்தோறும் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பை ஆண் இழக்காமல் பெண் மட்டும் இழக்கிறாள். இது படைப்பின் அமைப்பு. ஆனால் இழப்பை ஈடுசெய்ய வேண்டிய உணவு அவள் தட்டுக்கு வருவதில்லையே, அது எவருடைய அமைப்பு? வீட்டில் இறைச்சி சமைத்தால் ஆண்கள் உண்டபின் சட்டியில் எஞ்சும் குழம்புதான் சமைத்தவளுக்கு. இரும்பை உடல் எளிதில் ஏற்பது இறைச்சியிலிருந்துதான். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைச் சிறிதளவே ஏற்கும். உணவோடு தேநீர் பருகினால் அந்தச் சிறிதளவும் தடைபடும். காலை ஷிப்டுக்கு ஓடும் பெண்ணின் சிற்றுண்டி பெரும்பாலும் தேநீரும் பிஸ்கட்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ரமலானைப் பற்றியும் ஒரு சொல். மாதவிலக்கு நாள்களில் நோன்பிலிருந்து பெண்ணுக்கு விலக்கு உண்டு. விடுபட்டவற்றைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். சலுகை தெளிவானது. ஆனால் எத்தனை வீடுகளில் ஒரு பெண் அந்நாள்களில் பகலில் ஒரு கவளமேனும் வெளிப்படையாக உண்கிறாள்? தந்தையும் தமையனும் கண்டுவிடுவார்களோ என்று கூச்சப்பட்டு, நோன்பும் இன்றி உணவும் இன்றி அவள் பகலைக் கழிக்கிறாள். இரும்பு மிகுதியாக வெளியேறும் நாள்களில் இப்படி.

இவ்விடத்தில் நம் துறையையும் நோக்கி ஒன்று சொல்லியாக வேண்டும். அரபிக் கல்லூரிகளில் மாதவிலக்குப் பாடத்தை வாரக்கணக்கில் நடத்துகிறோம். ஹனஃபி மத்ஹபில் மிகக் குறைந்த அளவு மூன்று நாள், மிகுந்த அளவு பத்து நாள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பகலிரவு, பதினைந்து நாள் என்று மாணவர்கள் உறக்கத்திலும் சொல்வார்கள். நிறங்களின் வேறுபாடுகளைக்கூட நுணுக்கமாக ஆராய்கிறோம். அந்த இரத்தத்தோடு என்ன வெளியேறுகிறது, அதை எப்படி ஈடுசெய்வது என்று ஒரு வரி சொன்னதில்லை. ஃபிக்ஹு நூல்களின் வேலை அதுவன்று என்று வாதிடலாம். ஆசிரியரின் வேலை அதுவன்று என்று நம்மால் வாதிட முடியவில்லை.

இனித் தொழிற்சாலைக்குள் செல்வோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தையொட்டிய விதிகள் 25 பெண்களுக்கு ஒரு கழிவறை என்ற அளவை வகுத்திருந்தன. கேட்பதற்குப் போதுமானது போலத் தோன்றும். பத்து நிமிட இடைவேளையில் 25 பேரும் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஆளுக்கு 24 விநாடி. மாதவிலக்கு நாளில் அணையாடை மாற்ற வேண்டிய பெண்ணுக்கும் அதே 24 விநாடிதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவைத் தருவது சமத்துவம் என்று கருதுவோர் இக்கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்க வேண்டும். நேரம் போதாமையின் விளைவு என்ன? பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பெண்ணுடலில் சிறுநீர்க்குழாய் குட்டையானது. கிருமி எளிதில் மேலேறும். நீரும் குறைந்து, அடக்கிவைப்பதும் பழகிவிட்டால் சிறுநீர்த் தொற்று மீண்டும் மீண்டும் வருகிறது. அப்பெண் அதை “சூடு” என்பாள், மோர் குடிப்பாள், கணவனிடமோ தாயிடமோகூடச் சொல்லமாட்டாள்.

தமிழக ஆயத்த ஆடை ஆலைகள் சிலவற்றில் மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயரொட்டப்படாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டு வேலை தொடரச் செய்யப்பட்டதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் 2019இல் வெளிக்கொணர்ந்தனர். வலியைக் கேட்டறிய வேண்டிய இடத்தில் வலியை அடக்கும் பொருள் நீட்டப்பட்டது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கானோர் நோயுற்றபின் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு செல்லும் அதே சாலை அது. 2025 நவம்பரில் ஓசூருக்கு அருகே பெண் தொழிலாளர் விடுதியொன்றின் குளியலறையில் மறைகேமரா இருந்ததாகத் தெரிந்து, பெண்கள் இரவில் திரண்டு போராடினார்கள். சிறையில் அடைத்தாற்போல் விடுதியில் வைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற எண்ணம் நம்மவரிடமும் உண்டு. இந்நிகழ்ச்சிகள் அதற்கு விடை.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பழைய தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்கள் ஆலையில் பணிபுரியத் தடைவிதித்திருந்தது. அத்தடை சமத்துவத்துக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்து, போக்குவரத்து, ஓய்வறை போன்ற பாதுகாப்புகளை வகுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பெண்ணின் ஒப்புதலோடு இரவுப் பணியை அனுமதிக்கின்றன. ஒப்புதல் என்ற சொல் நமக்குப் புதிதன்று. திருமண ஒப்பந்தத்தில் அதை எவ்வளவு வலியுறுத்துகிறோம்! ஆயினும் மறுத்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் ஒருத்தி இடும் கையொப்பம் எத்தகைய ஒப்புதல் என்பதைச் சட்ட அறிஞர்களும் மார்க்க அறிஞர்களும் ஒருசேர ஆராயலாம்.

இதற்கெல்லாம் மேலாக, நம் கவனத்தில் படாமலே போகும் மற்றொரு ஷிப்ட் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் ஊதியமின்றிச் செலவிடுவதாகக் கண்டது. வேறுபாடு 201 நிமிடம். வாரத்துக்குக் கணக்கிட்டால் இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். அதாவது ஏறத்தாழ மூன்று ஷிப்ட். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது ஓரளவு குறையலாம், மாமியாரோ தாயோ ஏற்றுக்கொள்வதால். அப்போதும் சுமை ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணின் தோளுக்கு மாறுகிறதே தவிர ஆணின் தோளுக்கு வருவதில்லை. ஒரே பேருந்தில் ஒரே ஆலைக்குப் போய்வரும் அண்ணனும் தங்கையும் நம் பகுதியில் உண்டு. இரவுப் பணி முடிந்து காலையில் திரும்பினால் அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். வீட்டார் சத்தமின்றி நடக்கிறார்கள். தங்கை துடைப்பத்தை எடுக்கிறாள்.

இது மார்க்கம் வகுத்த கடமைப் பங்கீடு என்று பலர் நம்புகிறார்கள். நூல்கள் அவ்வளவு எளிதாகத் துணைவருவதில்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தொலைவு நடந்ததையும், குதிரைக்குத் தீனி வைத்ததையும், நீர் இறைத்ததையும் தாமே விவரிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. பின்னர் தந்தை ஒரு பணியாளை அனுப்பிக் குதிரையைப் பராமரிக்கும் வேலை தம்மை விட்டு நீங்கியபோது விடுதலை பெற்றதுபோல் உணர்ந்ததாக அவர்கள் கூறுகிறார்கள். இதற்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்), இத்தகைய வேலைகளைப் பெண்கள் நற்பண்பின் காரணமாகச் செய்துவந்தனரே அன்றி அவர்கள் மீது அவை கடமையல்ல என்ற கருத்தைப் பதிவுசெய்கிறார். எல்லா அறிஞர்களும் இதில் ஒன்றுபட்டவர்கள் அல்லர். ஹனஃபி நூல்களில் இதைப் பற்றி வேறு விவாதம் உண்டு. ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெரும் அறிஞரொருவர் உபகாரம் என்று வகைப்படுத்தியதை நாம் கடமை என்று மட்டுமே எண்ணிவந்திருக்கிறோம். உபகாரத்துக்கு நன்றி உண்டு. கடமைக்கு அதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றே விடை வந்தது. இதை மேடையில் சொல்லாத ஆலிம் இல்லை. வீட்டில் செய்யும் ஆலிம்களைப் பற்றி நாம் எண்ணிக்கை எடுக்கவில்லை. எடுத்தால் நம் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்பது நமக்குத் தெரியும்.

பெண் வேலைக்குச் செல்வது குறித்துப் பேசும்போதெல்லாம் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதலீட்டாளர் வேறு, கூலித் தொழிலாளி வேறு. சிப்காட் பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு நெருங்கியவர் ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னைதான். மணவிலக்குப் பெற்று இத்தாவில் இருந்த அவர் தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்க வெளியே செல்ல முனைந்தபோது ஒரு மனிதர் அவரைக் கண்டித்துத் தடுத்தார். அவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். பறிக்கச் சென்றுகொள்ளுமாறும், அதனால் தருமமோ நற்செயலோ விளையக்கூடும் என்றும் அவர்கள் அனுமதித்ததாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தடுத்த மனிதரின் பெயர் அந்த அறிவிப்பில் இல்லை. அவருடைய இடத்தில் பெரும்பாலும் நாம்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

ஊதியம் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்தது. ஆண்கள் ஈட்டியது ஆண்களுக்கும் பெண்கள் ஈட்டியது பெண்களுக்கும் உரியது என்ற கருத்து அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் தெளிவு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) தம் பொருளைக் கணவருக்குக் கொடுத்தால் தருமமாகுமா என்று கேட்டறிந்தார்கள். கணவரின் உடைமையாக அது கருதப்பட்டிருந்தால் அக்கேள்வியே எழாது. இங்கோ பெண்ணின் சம்பளம் வரும் வங்கி அட்டை தந்தையின் சட்டைப்பையில் இருக்கிறது. தந்தையர் தீயவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் அதை நகைச்சீட்டில் கட்டுகிறார்கள். மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில், பெண் தன் கைக்கூலிக்குத் தானே ஷிப்ட் பார்த்துச் சம்பாதிக்கிறாள். கைக்கூலி என்ற சொல்லே இப்போதுதான் நேர்ப்பொருளில் பொருந்துகிறது என்று நம் மாணவர் ஒருவர் சொன்னார், சிரிக்க முடியவில்லை.

பள்ளிப் படிப்புக்கும் திருமணத்துக்கும் இடையிலான இந்த நான்கைந்து ஆண்டுகளைக் குறிவைத்தே தொழிற்கூடங்கள் பெண்களை நாடுகின்றன என்பது கவனத்துக்குரியது. கோவை, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாக ஆசைகாட்டிய ‘சுமங்கலித் திட்டம்’ இதன் அப்பட்டமான வடிவம். ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் வேலைக்குச் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. 2017இல் மகப்பேற்று விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது நல்ல சட்டம்தான். ஆனால் தாயாகும் முன்பே பெண் வெளியேறிவிடும் இடத்தில் அச்சட்டத்துக்கு வேலை இல்லை. அவள் நாற்பது வயதில் எங்கே இருப்பாள்? பெரும்பாலும் மீண்டும் மாங்கூழ் ஆலையில், பருவக் கூலியாக.

நம் மாவட்டத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகுமுன் பழைய தருமபுரி மாவட்டம் பெண்சிசுக் கொலைக்குக் குறிக்கப்பட்ட இடமாக இருந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900ஐக்கூட எட்டவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் விரிந்தது. கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா எனக் கண்டறிவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், கையடக்க ஸ்கேன் கருவியோடு வீடு வீடாகச் செல்லும் கும்பல்கள் தருமபுரிப் பகுதியில் அண்மை ஆண்டுகளிலும் கைதாகியுள்ளன. பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்தவனைக் கண்டிக்கும் அந்நஹ்ல் வசனங்களை நாம் ஜாஹிலிய்யாக் காலத்துக்குரியவை என்று பாடம் நடத்துகிறோம். எந்தப் பெண் குழந்தையைப் பாரம் என்று ஊர் எண்ணியதோ, அவளுடைய சம்பளத்தில்தான் இன்று பல வீடுகளில் கூரை மாறியிருக்கிறது என்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவர்.

நல்லவையும் நடந்திருக்கின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டு வாசலுக்கு வந்ததால் மிகுதியும் பயனடைந்தோர், மருத்துவமனைக்குப் போக நேரமும் துணையும் கிடைக்காத பெண்களே என்பது நம் கண்ணால் கண்ட செய்தி. நம் ஜமாஅத்துகள் ஹஜ் பயணிகளுக்கு மருத்துவ முகாம் நடத்துகின்றன. பெண்கள் மதரஸாவில் ஆண்டுக்கு இருமுறை இரத்தப் பரிசோதனை நடத்தப் பெருஞ்செலவு ஆகாது. சென்ற ஆண்டு நாம் இதைக் கூட்டத்தில் எழுப்பியபோது, மினாரா வேலை முடியட்டும் என்றார்கள்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். அன்று அவளிடம் விடை எதுவும் சொல்லாமல், அவளையே கேள்விகளை எழுதச் சொன்னோம். நான்கு எழுதினாள். பேருந்து இரவில் எங்கே இறக்கிவிடும்? நடுவில் உட்கார இடமும் கழிவறைக்குப் போக நேரமும் எவ்வளவு? ஈ.எஸ்.ஐ. அட்டை முதல் நாளிலிருந்தே கிடைக்குமா? திருமணமானால் வேலை தொடருமா? தந்தை அந்தத் தாளோடு ஆலை அலுவலகத்துக்குச் சென்றார். மூன்றுக்கு விடை கிடைத்தது. நான்காவதைக் கேட்டதும் அங்கிருந்தவர் சிரித்தாராம்.

அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். மூன்று மாதத்துக்குப் பின் பரிசோதனையில் 10.8 வந்திருந்தது. இரவுப் பணி வாரங்களில் மூலைச்சாலைக்குத் தந்தையே போய் அழைத்துவருகிறார். சென்ற வெள்ளிக்கிழமை அவர் இதையெல்லாம் மகிழ்ச்சியோடு சொன்னபோது, விடிந்து வீடு திரும்பினால் வேலை யார் செய்கிறார்கள் என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. சற்றுத் தள்ளிச் செருப்பணிந்துகொண்டிருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.